வீட்டுக் கண்காணிப்பு கேமராவும் ரெக்கார்டரும்: தேர்வும் பழுது நீக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குக் கேமரா வாங்க நினைப்பவர்களும், வாங்கிப் பொருத்திய பிறகு ஏதோ ஒன்று சரியில்லை என்று தவிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. நடந்து முடிந்த ஒன்றைப் பற்றிய பதிவை எடுத்துப் போட்டுப் பார்க்கும்போது, வந்தவர் யார், எப்போது வந்தார் என்று அதிலிருந்து சொல்ல முடிந்தால்தான் கேமரா வைத்ததற்குப் பயன். கீழேயுள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு கண்ணோட்டத்திலிருந்தே எழுதப்பட்டவை.

வாங்குவதற்கு முன் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

எந்த நிறுவனம், எத்தனை மெகாபிக்சல் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் வீட்டைச் சுற்றி நடந்து, கேமரா வைக்க நினைக்கும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, "இங்கே ஏதாவது நடந்தால் பதிவிலிருந்து எனக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாசல் கதவில் முகம் அடையாளம் தெரிய வேண்டும். வண்டி நிறுத்தும் இடத்தில் யாரோ வண்டியைத் தொட்டார்கள் என்பது தெரிந்தாலே போதுமானதாக இருக்கலாம். பின்பக்கச் சுவரில் ஆள் ஏறினாரா இல்லையா என்பது மட்டுமே தேவைப்படலாம். இந்த மூன்றுக்கும் மூன்று விதமான லென்ஸ் வேண்டும். முழு முற்றத்தையும் காட்டுகிற ஒரே கேமரா வாசலில் நிற்பவரின் முகத்தையும் தெளிவாகக் காட்டும் என்று எதிர்பார்ப்பதுதான் பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம்.

எத்தனை மெகாபிக்சல் போதும்?

மெகாபிக்சல் எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. அந்தப் பிக்சல்கள் எத்தனை மீட்டர் அகலத்துக்குப் பரவுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐஈசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014 பதிப்பு இதற்கு நல்ல அளவுகோல் ஒன்றைத் தந்தது: காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 25 பிக்சல் இருந்தால் ஆள் ஒருவர் இருப்பதைக் கண்டுபிடிக்கலாம், 62.5 இருந்தால் அவருடைய உடை போன்றவற்றைக் கவனிக்கலாம். 125 இருந்தால் ஏற்கெனவே அறிந்தவரா என்று சொல்லலாம். முன்பின் தெரியாத ஒருவரைப் பின்னர் ஐயமின்றி அடையாளம் காட்ட 250 வேண்டும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம் கொண்டது. அதை 250 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.7 மீட்டர் வருகிறது. அதாவது, அடையாளம் தெரிய வேண்டிய இடத்தில் காட்சியின் அகலம் 7.7 மீட்டரைத் தாண்டக் கூடாது. 3840 பிக்சல் அகலமுள்ள 8 மெகாபிக்சல் கேமராவுக்கு இது 15.4 மீட்டராக விரிகிறது. மெகாபிக்சல் நான்கு மடங்கு கூடியும் அகலம் இரண்டு மடங்குதான் கூடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கு பகல் வெளிச்சத்துக்கு உரியது. ஒரே அளவுள்ள சென்சாரில் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லில்) அதிகப் பிக்சல்களைத் திணிக்கும்போது ஒவ்வொரு பிக்சலும் சிறுத்து, அதில் விழும் ஒளியும் குறைகிறது. ஆகவே சிறிய சென்சார் கொண்ட மலிவான 8 மெகாபிக்சல் கேமராவைவிட, பெரிய சென்சாரும் அகலமான துளையுள்ள லென்ஸும் கொண்ட 4 மெகாபிக்சல் கேமரா இரவில் நல்ல முகத்தைத் தருவது வழக்கம். விவரப் பட்டியலில் 1/2.8 அங்குலத்தைவிட 1/1.8 அங்குலச் சென்சார் பெரியது, எஃப்/2.0 லென்ஸைவிட எஃப்/1.0 லென்ஸ் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணைவிட இந்த இரண்டு எண்களும் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

2.8 மி.மீ., 3.6 மி.மீ., 6 மி.மீ. லென்ஸ்களில் எதை எடுப்பது?

வீட்டுக் கேமராக்களில் வழக்கமாக வரும் சென்சார் அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. 2.8 மி.மீ. லென்ஸ் காட்டும் அகலம், தூரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 3.6 மி.மீ. லென்ஸுக்கு ஒன்றரை மடங்கு; 6 மி.மீ. லென்ஸுக்குத் தூரத்தைவிடச் சற்றே குறைவு. மேலே சொன்ன 7.7 மீட்டரோடு இதைப் பொருத்திப் பார்த்தால், 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால் அடையாளம் தெரியும் எல்லை சுமார் 4 மீட்டர், 6 மி.மீ. இருந்தால் சுமார் 8 மீட்டர். கடைகளில் எல்லோருக்கும் 2.8 மி.மீ. லென்ஸையே எடுத்துக் கொடுப்பதற்குக் காரணம், அது நிறைய இடத்தைக் காட்டுவதால் பொருத்திய அன்று பார்ப்பதற்கு நிறைவாக இருக்கும் என்பதுதான். வெளி வாயில் 8 மீட்டர் தொலைவில் இருந்தால், அந்த ஓர் இடத்துக்காவது 6 மி.மீ. கேட்டு வாங்குங்கள். தூரத்தை உறுதியாகச் சொல்ல முடியாதபோது, பொருத்திய பிறகு மாற்றிக்கொள்ளத்தக்க வேரிஃபோக்கல் லென்ஸ் கூடுதல் செலவுக்குத் தகுதியானது.

டிவிஆர் வாங்குவதா, என்விஆர் வாங்குவதா?

டிவிஆர் அனலாக் கேமராக்களுக்கான ரெக்கார்டர், என்விஆர் நெட்வொர்க் (ஐபி) கேமராக்களுக்கான ரெக்கார்டர். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் கேபிளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கோஆக்சியல் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி மேல்பின்னல் உள்ள வகை) நல்ல நிலையில் இருந்தால் டிவிஆரும் அனலாக் எச்டி கேமராக்களும் போதுமானவை. டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்ற மூன்று வகை சமிக்ஞைகளையும் ஏற்கும் டிவிஆர்கள் பல உண்டு என்றாலும், வாங்கும்போது கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய கேமராக்களைப் படிப்படியாக மாற்றவும் இந்த வழி இடம் கொடுக்கிறது.

புதிதாகக் கேபிள் இழுப்பதானால் லேன் கேபிளும் என்விஆரும் சிறந்த தேர்வு. ஒரே கேபிளில் படமும் மின்சாரமும் சென்றுவிடும் (இதைப் பிஓஇ என்பார்கள்). 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரநிலை ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறது. சாதாரண நிலையான கேமரா ஒன்றுக்கு இது தாராளம். சுழலும் கேமராக்களுக்கு 30 வாட் தரும் 802.3ஏடி தேவைப்படலாம். ஒரு லேன் இணைப்பின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. நல்ல கோஆக்சியலில் அனலாக் எச்டி அதைவிட வெகுதூரம் செல்லும் என்பதால், வீட்டிலிருந்து தள்ளியிருக்கும் கொட்டகைக்கோ வெளி வாயிலுக்கோ அனலாக் இன்னும் பொருந்துகிறது.

வைஃபை கேமராவும் மெமரி கார்டும் போதாதா?

வாடகை வீட்டில் அறைக்குள் ஒன்றிரண்டு கேமரா வைக்க அவை போதும். வெளிவாசலுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வைஃபை கேமராவுக்கும் மின்சார வயர் ஒன்று வேண்டியிருப்பதால் வயரே இல்லாத வசதி பாதிதான் கிடைக்கிறது. சிக்னல் அறுந்துபோகும் நேரத்துக்கான பதிவு ரெக்கார்டரில் இருக்காது. கார்டில் மட்டும் பதிவு இருந்தால், கேமராவைப் பிடுங்கிச் செல்பவர் சாட்சியத்தையும் சேர்த்தே கொண்டுபோகிறார். பேட்டரியில் இயங்கும் கேமராக்கள் மின்சாரத்தைச் சேமிப்பதற்காகத் தூங்கி விழிப்பவை ஆதலால், ஆள் நுழைந்த முதல் ஓரிரு விநாடிகள் பதிவாகாமல் போகலாம். வைஃபைதான் வழி என்றால், சுவரைத் தாண்ட 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலானது. இடைவிடாத பதிவைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கார்டை வாங்குவதும் அவசியம்.

ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் என்விஆரில் சேர்க்கலாமா?

பெரும்பாலும் சேர்க்கலாம். ஆக்ஸிஸ், பாஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் 2008இல் தொடங்கிய ஆன்விஃப் என்ற பொதுத் தரநிலை இதற்காகவே இருக்கிறது. அடிப்படைப் படத்துக்கு ‘புரொஃபைல் எஸ்’ போதும், எச்.265 என்ற சுருக்க முறையிலான படமும் அசைவு அறிவிப்பும் வேண்டுமானால் இரு பக்கமும் ‘புரொஃபைல் டி’ (Profile T) இருக்கிறதா என்று பாருங்கள். மனிதர், வண்டி என்று பிரித்தறியும் சிறப்பு வசதிகள் நிறுவனம் மாறும்போது வேலை செய்யாமல் போவது சாதாரணம்.

சேர்க்க முடியவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். பல கேமராக்களில் ஆன்விஃப் வசதி முடக்கப்பட்டே வருகிறது. மெனுவில் அதை இயக்க வேண்டும். சிலவற்றில் ஆன்விஃபுக்கென்று தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்க வேண்டும். மூன்றாவதை யாரும் எளிதில் சந்தேகிப்பதில்லை: உள்நுழைவுச் சரிபார்ப்பில் நேரமும் சேர்ந்திருப்பதால், கேமராவின் கடிகாரமும் என்விஆரின் கடிகாரமும் வெகுவாக விலகியிருந்தால், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ‘தவறு’ என்றே பதில் வரும்.

எவ்வளவு ஹார்ட் டிஸ்க் வாங்கினால் எத்தனை நாள் பதிவு இருக்கும்?

இதற்கு மெகாபிக்சலைப் பார்ப்பதைவிடப் பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவு பதிவாகிறது என்பதை, பார்ப்பதே நேர்வழி. ஒரு கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 43.2 ஜிபி ஆகிறது. நான்கு கேமராவுக்கு 172.8 ஜிபி. ஆகவே 2 டிபி டிஸ்க் பதினொன்றரை நாள் தாங்கும். ரெக்கார்டரில் 2 டிபி டிஸ்க் 1.8 டிபி என்று தெரிவது பழுதன்று. கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு மட்டுமே.

எச்.264க்குப் பதில் எச்.265ஐத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ அதே தரத்துக்குப் பிட்ரேட் பாதியாகக் குறையும், நாள்கள் இரட்டிக்கும். விநாடிக்கு 25 பிரேம்களை 15 ஆகக் குறைப்பதிலும் வீட்டுத் தேவைக்கு இழப்பு ஒன்றுமில்லை. பிட்ரேட்டை மட்டும் அளவுக்கு மீறிக் குறைத்துவிடாதீர்கள். நிற்கும் சுவர் அப்போதும் தெளிவாகவே தெரியும். நடந்து வருபவரின் முகம்தான் முதலில் கட்டம் கட்டமாகச் சிதையும்.

அசைவு இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும் முறை இடத்தைச் சேமிக்கிறது என்றாலும், வாசல் கேமராவுக்கு இடைவிடாத பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் போய்த் திரும்பியபின் தேடிப் பார்க்கும் அளவுக்காவது, அதாவது குறைந்தது இரண்டு வாரமாவது, பதிவு இருக்குமாறு திட்டமிடுவது நல்லது.

கணினியில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்கைப் போடலாமா?

போட்டால் வேலை செய்யும், நம்பியிருக்க முடியாது. இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று டபிள்யூடி பர்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற தனி வகைகள் உள்ளன. அதற்காகும் கூடுதல் செலவு, தேவையான நாளில் பதிவு இல்லாமல் போவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

கேமராவை எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும்?

கைக்கு எட்டக் கூடாது என்பதற்காக மொட்டை மாடி விளிம்பில் மாட்டினால், பதிவில் கிடைப்பது தலையின் உச்சியும் தொப்பியும் மட்டுமே. பொதுவான பார்வைக்கு இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரம் ஏற்றது. முகம் வேண்டிய ஒரு கேமராவை, வருபவர் கட்டாயம் கடந்தாக வேண்டிய குறுகிய இடத்தில், இன்னும் சற்றுத் தாழ்வாக, அவர் முகத்தை நேர்கொண்டு பார்க்குமாறு வையுங்கள். உள்ளிருந்து பிரகாசமான வெளிவாசலைப் பார்க்கும் கேமராவுக்கு வெளிச்சப் பகுதியையும் நிழல் பகுதியையும் ஒருசேரத் தெளிவாகக் காட்டும், 120 டெசிபெல் அளவுள்ள உண்மையான டபிள்யூடிஆர் வசதி வேண்டும். இல்லாவிட்டால் நுழைபவர் கருநிழலாகவே பதிவாவார். வெளியில் மழைபடும் இடத்துக்கு ஐபி66 அல்லது ஐபி67 குறியும், எட்டிப் பிடித்து உடைக்கக்கூடிய இடத்துக்கு ஐகே10 குறியும் உள்ளதா என்று பாருங்கள்.

இரவில் படம் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் தெரிகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் கேமராவில் குறையிருக்காது. அதன் அகச்சிவப்பு ஒளி அருகிலுள்ள ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் நுழைகிறது. முதலில் சிலந்தி வலையைத் தேடுங்கள். லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் தொங்கும் ஒற்றை நூலிழை, பகலில் கண்ணுக்கே தெரியாதது, இரவில் கேமராவின் ஒளி முழுவதையும் வாங்கிக் கயிறு தடிமனுக்கு வெள்ளையாக ஒளிர்ந்து, காற்றில் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். அந்த வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன் ஒளியளவைத் தணித்துக்கொள்வதால், பின்னால் இருக்கும் வாயில் இருண்டுவிடுகிறது. இழை ஆடும் ஒவ்வொரு முறையும் செல்போனுக்கு அசைவு அறிவிப்பும் வருகிறது. உலர்ந்த மென்மையான தூரிகையால் வலையைத் துடைத்தால் இரண்டும் ஒருசேரத் தீரும். வெப்பத்துக்கும் ஒளிக்கும் பூச்சிகள் வருவதாலேயே சிலந்தியும் வருகிறது. ஆகவே கேமராவின் சொந்த அகச்சிவப்பை அணைத்துவிட்டு, அரை மீட்டராவது தள்ளித் தனியான அகச்சிவப்பு விளக்கு ஒன்றை வைப்பது நீடித்த தீர்வு.

அரைக்கோள மூடியுள்ள டோம் வகையில் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. லென்ஸைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை வளையம் கண்ணாடி மூடியோடு ஒட்டாமல் இருந்தால் உள்ளேயே ஒளி கசியும். பொருத்தும்போது பதிந்த கைரேகை எண்ணெயும் இதே மூட்டத்தை உண்டாக்கும். கேமராவுக்கு மிக அருகே சுவரோ கூரை விளிம்போ சட்டகத்துக்குள் தெரிந்தாலும் அந்தப் பக்கம் வெளுத்துப்போகும். சிறிது திருப்பி அதை வெளியேற்றுங்கள்.

இரவில் வாசல் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் நடந்து வருபவரின் முகம் மட்டும் கலங்கலாக இருப்பது ஏன்?

வெளிச்சம் குறைந்தால் கேமரா தன் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்கிறது. ஷட்டர் 1/25 விநாடி திறந்திருந்தால், விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் 6 செ.மீ. நகர்ந்துவிடுகிறார். கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தூரமே ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், ஒரு கண் மற்றதன்மேல் இழைந்துபோகிறது. அசையாத கதவு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அது சோதனை ஆகாது. ஷட்டர் வேகத்தின் கீழ் எல்லையை 1/100 என்று வைத்தால் இழைவு ஒன்றரை செ.மீ. ஆகக் குறையும், படம் இருளும் என்பதால் கூடவே வெளிச்சமும் தர வேண்டும். ஒரு சாதாரண வாசல் விளக்கு விடிய விடிய எரிந்தால் முகமும் கிடைக்கும், உடையின் நிறமும் கிடைக்கும். இரவுப் படத்துக்காகச் செய்யக்கூடிய செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கேமராவுக்கு மிக அருகில் வந்தவரின் முகம் கண்ணும் மூக்கும் இல்லாத வெள்ளை வட்டமாகத் தெரிந்தால், அது அகச்சிவப்பு (ஐஆர்) மிகுதியால் நேர்வது. மெனுவில் ‘ஸ்மார்ட் ஐஆர்’ வசதியை இயக்குங்கள்; இல்லையென்றால் ஐஆர் அளவைக் குறையுங்கள்.

பகலில் நன்றாக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. ஏன்?

இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி மின்னோட்டம் ஏறுகிறது. அதைத் தாங்காமல் மின்னழுத்தம் விழுகிறது. 0.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 30 மீட்டர் தூரத்துக்கு, போகவும் வரவும் சேர்த்து, சுமார் 2 ஓம் மின்தடை இருக்கும். அரை ஆம்பியர் ஓடினால் 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். வயர் 60 மீட்டரானால் 12 வோல்ட்டில் 2 வோல்ட் போய், கேமராவுக்கு 10 வோல்ட்தான் மிஞ்சும். செம்புபோல் காட்டி விற்கப்படும் கேபிள்கள் பலவற்றில் உள்ளே இருப்பது செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதில் இழப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியமே.

உறுதி செய்ய, இரவில் ஐஆர் எரியும்போது கேமரா பக்கத்து முனையில் மல்டிமீட்டர் வைத்து அளக்க வேண்டும். பகலில் அளந்தால் 12 வோல்ட் சரியாகவே காட்டும். அடாப்டரைக் கேமராவின் அருகே மாற்றுவது, தடித்த செம்பு வயர் இழுப்பது, வயதான எஸ்எம்பிஎஸை (கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டியை) மாற்றுவது ஆகியவை தீர்வுகள். பிஓஇ சுவிட்சானால், எல்லா போர்ட்டுக்கும் சேர்த்து அது தரக்கூடிய மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். எட்டு போர்ட் இருந்தாலும் எட்டுக்கும் முழு மின்சாரம் இருக்க வேண்டும் என்பதில்லை.

‘வீடியோ லாஸ்’ என்று வருகிறது, அல்லது படத்தில் கோடுகள் ஓடுகின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அந்தக் கேபிளை ரெக்கார்டரில் வேறொரு போர்ட்டில் செருகிப் பாருங்கள். கோளாறு கேபிளோடு நகர்ந்தால் ரெக்கார்டர் குற்றமற்றது. அடுத்து, கேமராவைக் கழற்றிக் கொண்டுவந்து சிறிய கேபிளில் நேரடியாக இணையுங்கள்; படம் வந்தால் நடுவிலுள்ள கேபிள்தான் பழுது. கேபிளிலும் பழுது பெரும்பாலும் நுனியில்தான் இருக்கும். கேமரா பக்கத்து பிஎன்சி இணைப்பை (கோஆக்சியல் கேபிளின் நுனியிலுள்ள உலோக இணைப்பியை) திறந்தால், நடு ஊசியைச் சுற்றிப் பச்சைப் பொடி படிந்திருக்கும்; அல்லது மேல்பின்னலின் மயிரிழை ஒன்று நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எறிந்து புதிய பிஎன்சி போட்டு, இணைப்பை நீர் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

கிடைமட்டப் பட்டைகள் மெதுவாக மேலேறினால், இரு வேறு நில இணைப்புகளுக்கிடையே மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். இரும்புக் கம்பத்தில் நேரடியாக மாட்டிய கேமராக்களில் இது சகஜம். கேமராவுக்கும் கம்பத்துக்கும் இடையே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் தட்டு வைத்துப் பாருங்கள்; தீராவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் உதவும்.

ஐபி கேமராக்களில் இரண்டு கேமரா மாறி மாறி வந்து மறைந்தால், இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி அமைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பகலில் படம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. செடிகள் ஊதாவாக இருக்கின்றன.

பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் சிறு வடிகட்டி லென்ஸுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டிருக்கிறது. மாலையில் ‘டிக்’ என்று கேட்கும் ஒலி அது நகரும் ஒலிதான். மெனுவில் பகல், இரவு என்று நாலைந்து முறை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். நகரவில்லை என்றால் உத்தரவாதத்தில் கொடுப்பதோ புதிது வாங்குவதோதான் வழி.

ரெக்கார்டர் விடாமல் ‘பீப்’ அடிக்கிறது. ஒலியை அணைத்துவிடலாமா?

காரணம் தெரியும்வரை அணைக்காதீர்கள். டிஸ்க் இல்லை, டிஸ்கில் பிழை, டிஸ்க் நிறைந்துவிட்டது, நெட்வொர்க் அறுந்தது, யாரோ தவறான கடவுச்சொல்லால் நுழைய முயல்கிறார் என்று பல காரணங்களுக்கு அதே ஒலிதான். மெனுவில் பதிவேடு என்ற பகுதி காரணத்தை எழுதி வைத்திருக்கும். டிஸ்க் என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு சாட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகுங்கள். பிறகும் பிழை காட்டினால், டிஸ்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட் சோதனையை மெனுவிலிருந்து ஓட்டுங்கள். பழுதான செக்டர்கள் கூடிக்கொண்டே போனால் டிஸ்கை மாற்றியாக வேண்டும். ஒலி எரிச்சலூட்டுகிறது என்று அணைத்துவிட்டு, மாதக்கணக்கில் பதிவே இல்லாத ரெக்கார்டரை நம்பியிருப்பவர்கள் நிறையப் பேர். நேரலை வழக்கம்போல் ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சம்பவம் நடந்த நேரத்துக்கான பதிவு மட்டும் இல்லை. என்ன செய்வது?

முதல் வேலை, பழைய பதிவின்மேல் புதிய பதிவு எழுதப்படுவதைத் தடுப்பது. சம்பவம் நடந்து பல நாள் ஆகியிருந்து, டிஸ்க் சுழற்சி முடியும் கட்டத்தில் இருந்தால், பதிவை உடனே நிறுத்துங்கள். எக்காரணத்துக்கும் டிஸ்கை ஃபார்மட் செய்யாதீர்கள்.

அடுத்து, ரெக்கார்டரின் கடிகாரத்தைச் செல்போனோடு ஒப்பிடுங்கள். கடிகாரம் விலகியிருந்தால், பதிவு வேறொரு நேரத்தின் கீழ் பத்திரமாக இருக்கக்கூடும். நாள் முழுவதையும், தேவையானால் முந்தைய பிந்தைய நாள்களையும், காலக்கோட்டில் தேடுங்கள். காலக்கோட்டின் நிறமும் செய்தி சொல்லும்: தொடர்ச்சியான பட்டைக்குப் பதிலாகத் துண்டு துண்டாக இருந்தால், பதிவு அசைவுக்கு மட்டும் என்று அமைக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் அசைவு காணும் பகுதி எது, உணர்திறன் எவ்வளவு என்று பாருங்கள். வாரத்தின் ஏதோ ஒரு நாளுக்கு அட்டவணையே காலியாக இருப்பதும் உண்டு. மூன்றாவதாக, எல்லா கேமராவிலும் ஒரே நேரத்தில் இடைவெளி இருந்தால் மின்வெட்டையோ டிஸ்கையோ சந்தேகியுங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் அதன் கேபிளையும் மின்சாரத்தையும் சந்தேகியுங்கள்.

ரெக்கார்டரின் நேரம் அடிக்கடி மாறிவிடுகிறது.

மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பழைய தேதிக்குத் திரும்பினால், உள்ளேயிருக்கும் 3 வோல்ட் நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது. பல ரெக்கார்டர்களில் அது சிஆர்2032 வகை. தினமும் சிறிது சிறிதாக விலகினால் என்டிபி வசதியை இயக்கி இணைய நேரத்தோடு இணையுங்கள். நேர மண்டலம் சரியாக உள்ளதா என்றும் பாருங்கள். ஏற்கெனவே ஒரு சம்பவம் நடந்திருந்தால், நேரத்தைத் திருத்தும் முன் எத்தனை நிமிடம் முன்பின்னாக இருந்தது என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாமல் பதிவின் நேரத்தை யாராலும் உறுதிப்படுத்த முடியாது.

வெளியில் இருக்கும்போது செல்போனில் பார்ப்பது பாதுகாப்பானதா?

அமைக்கும் விதத்தைப் பொறுத்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றின் சிறு பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. அந்த அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தரும் டைன் என்ற நிறுவனம் அவற்றைக் கொண்டு தாக்கப்பட்டுப் பெரிய இணையதளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. ஆகவே முதல் நாளே நீளமான தனிக் கடவுச்சொல் வையுங்கள். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (இணையத்திலிருந்து ரெக்கார்டருக்கு நேர்வழி திறப்பது) செய்யாதீர்கள். அந்த வழியைத் தானாகவே திறந்துவிடும் யுபிஎன்பி வசதியை அணையுங்கள். தயாரிப்பாளரின் செயலி வழியாகப் பார்ப்பது போர்ட் ஃபார்வர்டிங்கைவிட மேல். வீட்டு நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனிவழி தரும் விபிஎன் வழியாகப் பார்ப்பது எல்லாவற்றிலும் மேல். ஃபர்ம்வேரை (சாதனத்தின் உள்மென்பொருளை) தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் புதுப்பியுங்கள். படுக்கையறையிலும் குழந்தைகள் உடை மாற்றும் இடத்திலும் இணையத்தோடு இணைந்த கேமராவை வைக்கவே வேண்டாம்.

செல்போனில் படம் மங்கலாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. செயலி இணைய வேகத்துக்காகச் சப் ஸ்ட்ரீமை (தரம் குறைந்த சிறிய படத்தை) காட்டுகிறது. எச்டி என்ற பொத்தானைத் தொட்டால் மெயின் ஸ்ட்ரீம் வரும்.

கடவுச்சொல் மறந்துவிட்டது.

முதல் அமைப்பின்போது கொடுத்த மின்னஞ்சலோ பாதுகாப்புக் கேள்வியோ இருந்தால் அதன் வழியே மீட்கலாம். இல்லையென்றால் திரையில் வரும் க்யூஆர் குறியீட்டையோ கோப்பையோ வாங்கிய ரசீதுடன் தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டியிருக்கும். நாணய பேட்டரியைக் கழற்றினால் கடவுச்சொல் அழியும் என்ற பழைய யோசனை இன்றைய ரெக்கார்டர்கள் பெரும்பாலானவற்றில் பலிக்காது; நேரம்தான் கெடும்.

மின்சாரம் போனால்?

நான்கு கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 50 வாட் அளவிலேயே செலவாகும் என்பதால் சிறிய யுபிஎஸ் கூடக் கணிசமான நேரம் தாங்கும். ரெக்கார்டரை மட்டும் யுபிஎஸில் போட்டுவிட்டுக் கேமரா அடாப்டரையோ பிஓஇ சுவிட்சையோ வெளியே விட்டுவிடாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க் திடீரென்று நிற்பதைத் தவிர்ப்பது யுபிஎஸால் கிடைக்கும் இன்னொரு பயன்.

பதிவைச் சரியாக எடுத்துக் கொடுப்பது எப்படி?

திரையைச் செல்போனால் படமெடுத்துக் கொடுப்பதைத் தவிருங்கள். முகத்தின் நுணுக்கம் அதிலேயே பாதி போய்விடும். சம்பவத்துக்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்வரை, ரெக்கார்டரின் மூல வடிவத்திலேயே, அதைத் திறக்கும் பிளேயரோடு சேர்த்துப் பென் டிரைவில் எடுங்கள். ரெக்கார்டர் பென் டிரைவை அறியவில்லை என்றால் அதை எஃப்ஏடி32 வடிவில் ஃபார்மட் செய்து பாருங்கள். அந்த வடிவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், நீண்ட பதிவைத் துண்டுகளாக எடுக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, கணினியில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே ஒன்றைக் கையளியுங்கள்.

அண்டை வீட்டாருக்கு இடைஞ்சல் இல்லாமல் வைப்பது எப்படி?

அவர்களுடைய சன்னலோ முற்றமோ சட்டகத்துக்குள் வந்தால் கேமராவைத் திருப்புங்கள். திருப்ப முடியாவிட்டால் ‘பிரைவசி மாஸ்க்’ வசதியால் அந்தப் பகுதியைக் கறுப்பாக்குங்கள். ஒலிப்பதிவுக்கான சட்டங்கள் பல நாடுகளில் படப்பதிவைவிடக் கடுமையானவை ஆதலால், உங்கள் நாட்டுச் சட்டம் அறியாமல் மைக்கை இயக்காதீர்கள்.

பராமரிப்புக்கு எதைச் செய்தால் போதும்?

மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு கேமராவிலும் நேற்றிரவின் ஏதோ ஒரு மணியைப் போட்டுப் பாருங்கள். நேரலையைப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. பதிவு ஓடுகிறதா, நேரம் சரியா, முகம் தெரிகிறதா, மிகப் பழைய பதிவு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று நான்கையும் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். லென்ஸ் கண்ணாடியை மென்துணியால் துடையுங்கள். வளர்ந்த கிளை எதையாவது மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய ரெக்கார்டரை விற்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்வது நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கணினியில் இணைத்து முழுவதும் மேலெழுதி அழியுங்கள், ஏனெனில் ரெக்கார்டரின் விரைவு ஃபார்மட்டுக்குப் பிறகும் பதிவுகளை மீட்க முடிவதுண்டு. செயலியில் உங்கள் கணக்கிலிருந்து அந்தச் சாதனத்தை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் வாங்கியவர் தம் கணக்கில் அதைச் சேர்க்க முடியாமல் போகும். அவர் வீட்டுப் படமும் உங்கள் செல்போனுக்கு வரக்கூடும்.